ஈரலிற் படியுங் கொழுப்பும் அதனை அளக்கும் முறைகளும்

உடம்பின் உள்ளுறுப்புக்களுள் அளவாற் பெரியது ஈரல். வளர்ந்த மக்களிடத்து அஃது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ளது. குடலினின்று வரும் உணவுச் சாரத்திற் பெரும்பாகத்தை முதலில் ஏற்பதும், ஏற்றதை வேண்டியவாறு மாற்றுவதும், மிஞ்சியதைச் சேமிப்பதும், இரத்தத்தோடு கலந்த நச்சுப்பொருள்களை முறிப்பதும் அதன் தொழில்களாம். இத்தொழில்களுக்கிடையே கொழுப்பானது ஈரலுக்குள் வருவதும், ஈரலினின்று போவதும் இடையறாது நிகழ்கின்றன. உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கொழுப்பமிலங்கள் வந்து சேர்கின்றன; மிகுதியாக உண்ட சர்க்கரையிலிருந்து ஈரல் தானே கொழுப்பை ஆக்கிக்கொள்கின்றது. ஒரு பகுதியை எரித்து விடுகின்றது. மற்றொரு பகுதியைப் புரதத்தோடு சேர்த்துச் சிறு பொதிகளாகக் கட்டி இரத்தத்தில் அனுப்பிவிடுகின்றது. வரவும் செலவும் ஒத்திருக்குமளவும் தீங்கில்லை. வரவு மிகுந்தாலும், செலவு தடைப்பட்டாலும் கொழுப்பு உயிரணுக்களுக்குள்ளே துளிதுளியாகத் தங்கிவிடும்.

இது செல்வர்க்கு மட்டும் வரும் நோயென்று எண்ணற்க. மதுவருந்துவோர் ஈரலிற் கொழுப்பு மிகுதலை இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1836 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். புரதவுணவு கிடையாது வாடிய மேற்கிந்தியத் தீவுக் குழந்தைகளின் ஈரல் கொழுப்பேறிப் பெருத்திருந்ததை வாட்டர்லோ என்பார் 1948 இல் ஒரு நூலாக வெளியிட்டார். மதுவே தொடாத பருத்த உடலினரிடத்துங் காணப்படும் இந்நோயை 1980 இல் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவசாலையைச் சேர்ந்த லுட்விக் என்பாரும் அவர் தோழர்களும் 20 நோயாளரைக் கொண்டு விளக்கினர். 2023 இல் அறிஞர் பலர் கூடி அதன் பெயரைச் சர்க்கரை நோய், உடற்பருமன் முதலிய வளர்சிதைமாற்றக் கோளாறுகளோடு இயைத்து மாற்றியமைத்தனர். பெயர் எதுவாயினும், மருத்துவனும் ஆராய்ச்சியாளனும் முதலிற் கேட்கும் வினா ஒன்றே: ஈரலிற் கொழுப்பு எவ்வளவு? இவ்வினாவிற்குப் பரிசோதனைச்சாலை விடையிறுக்கும் வழிகளை, முக்கியமாக இரசாயனமும் உயிர்நூலும் கற்கும் எம் மாணவர்களை மனத்திற்கொண்டு, ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அளவை நூலறிவு இல்லாத பழங்காலத்தாரும் கொழுப்பீரலை அறியாதவரல்லர். வாத்துக்களுக்கு இரையை வலிந்தூட்டி ஈரலைப் பெருக்க வைக்கும் வழக்கம் பண்டை எகிப்தியரிடத்து இருந்தது. உரோமர் அத்திப்பழத்தை ஊட்டி அதனைச் செய்தனர். அத்திப்பழத்திற்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயரே பிற்காலத்துப் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ் ஆகிய மொழிகளில் ஈரலுக்கே பெயராயிற்று. சமையற்காரன் வைத்த பெயரை மருத்துவனும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டான் போலும்!

பழைய நோய்க்குறி நூலார் கொழுப்பீரலை அறிய இரண்டு எளிய சோதனைகளைக் கைக்கொண்டனர். ஒன்று, வெட்டிய கத்தியின் மேல் எண்ணெய்ப் பசை தோன்றுகின்றதா என்று பார்த்தல். மற்றொன்று, ஒரு துண்டைத் தண்ணீரில் இட்டு அது மிதக்கின்றதா அமிழ்கின்றதா என்று காண்டல். இரண்டாவதன் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கொழுப்பற்ற ஈரலின் அடர்த்தி ஏறக்குறைய 1.06, கொழுப்பின் அடர்த்தி 0.92. நூறு கிராம் ஈரலில் 5 கிராம் கொழுப்பு இருப்பின் அதன் பருமன் சுமார் 95 கன சென்டிமீட்டர், ஆகவே அமிழும். 20 கிராம் இருப்பினும் பருமன் 97 தான், அப்பொழுதும் அமிழும். கொழுப்பு 40 கிராமை எட்டும்பொழுதுதான் பருமன் நூறாகித் துண்டு மிதக்கத் தொடங்கும். எனவே, மிதக்குந் துண்டு முற்றிய நோயை மட்டுமே காட்டும். அமிழ்ந்ததைக் கண்டு ஈரல் நலமுடையதென்று கூறுதல் பெரும்பிழையாகும். நோயின் தொடக்கம் நூற்றுக்கு ஐந்தையொட்டி இருப்பதால், அங்கே கண்ணும் கத்தியும் தண்ணீர்த் தொட்டியும் பயன்படா.

சரியான அளவு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு டொரான்டோ நகரத்து வரலாறொன்றைக் கூறுவோம். அந்நகரத்தில் 1921 ஆம் ஆண்டு பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. கணையம் நீக்கப்பெற்ற நாய்கள் இன்சுலினால் உயிர்பிழைத்தன. ஆனால் சில மாதங்களுக்குள் அவற்றிற் பல நலிந்து இறந்தன. அறுத்துப் பார்த்தபொழுது ஈரல் மஞ்சள் நிறமாய்க் கொழுப்பு நிறைந்திருந்தது. பச்சைக் கணையத்தை உணவோடு கலந்து கொடுத்தால் இத்தீங்கு நேரவில்லை. கணையத்திலுள்ள எப்பொருள் காத்தது? முட்டையின் மஞ்சட்கருவிலும் மிகுதியாக உள்ள லெசித்தின் என்னும் பொருளுக்கு அவ்வாற்றல் உண்டென்று 1930 இல் ஹெர்ஷே காட்டினார். லெசித்தினைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி, ஈரற் கொழுப்பை எடுத்து அளந்து, காப்பது கோலீன் என்னும் கூறே என்று 1932 இற் பெஸ்டும் அவருடன் உழைத்தவர்களும் நிறுவினர். கொழுப்பைப் பொதிகளாகக் கட்டி வெளியனுப்புதற்கு வேண்டிய பொருளை ஆக்கக் கோலீன் தேவை. அஃதில்லாவிடின் சரக்கு பண்டகசாலையிலேயே தேங்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஓர் எலியின் ஈரலில் கொழுப்பு மிகுதி, மற்றோர் எலியின் ஈரலிற் குறைவு என்னும் அளவுகளின் மேலேயே இம்முடிவு முழுதும் நின்றது. அளவு பொய்த்திருந்தால் கோலீனும் மறைந்தே கிடந்திருக்கும்.

இனி இரசாயன முறைக்கு வருவோம். அதன் முதற்படி, ஈரலிலிருந்து கொழுப்பைக் கரைத்துப் பிரித்தெடுத்தல். இதற்கெனப் பரிசோதனைச்சாலைகளில் நெடுங்காலம் விளங்கிய கருவி சாக்ஸ்லெட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1879 இற் பாலின் கொழுப்பை அளப்பதற்காக அமைத்த கண்ணாடிக் கருவியாகும். கீழே கொதிக்கும் ஈதர் ஆவியாகி மேலேறிக் குளிர்ந்து, தாளுறையிலிட்ட உலர்ந்த பொருளின்மேற் சொட்டி, கொழுப்பைக் கரைத்துக்கொண்டு, ஓரளவு நிரம்பியதும் தானே வடிந்து கீழிறங்கும். இவ்வாறு பன்முறை நிகழ ஆளொருவன் அருகே நிற்கவேண்டுவதில்லை. எள், நிலக்கடலை முதலிய வித்துக்களுக்கு இஃது இன்றும் மிகச் சிறந்தது. ஈரலுக்கோ இதனிடத்து இரண்டு குறைகள் உள. பொருளை முன்னரே உலர்த்தவேண்டும். உலர்த்துங்கால் வெப்பத்தாற் கொழுப்பமிலங்கள் கெடும். அன்றியும், புரதத்தோடும் உயிரணுவின் சவ்வுகளோடும் பிணைந்து கிடக்குங் கொழுப்பை ஈதர் தனித்து விடுவிக்கமாட்டாது. இக்குறையை உணர்ந்தே புளூர் என்பார் 1914 இல் மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு ஈதரும் கலந்த கலவையைக் கையாண்டார். ஆல்கஹால் பிணைப்பை அவிழ்க்கும், ஈதர் கரைக்கும். ஒன்று பூட்டைத் திறக்க, மற்றொன்று பண்டத்தைச் சுமந்து செல்லும் என்பது அக்கலவையின் கருத்து.

அக்கருத்தை முழுமைப்படுத்தியவர் பார்சிலோனாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஜோர்டி போல்ச். அவரும் லீஸ், ஸ்லோன் ஸ்டான்லி என்னும் இருவரும் 1957 இல் வெளியிட்ட முறை, விலங்கின் திசுக்களிலிருந்து கொழுப்பை எடுப்பார்க்கு இன்றளவும் அளவுகோலாக விளங்குகின்றது. மாணவர் செய்து பார்த்தற்குரியதாகலின் இதனைச் சற்று விரித்துரைப்போம். விலங்கைக் கொல்லவேண்டுவதில்லை, இறைச்சிக் கடையில் வாங்கிய புதிய ஆட்டீரலே போதும்.

ஈரலை வாங்கியவுடன் பனிக்கட்டியில் வைத்துக் கொணர்க. உடலினின்று நீங்கிய பின்னும் கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் தம் வேலையை நிறுத்துவதில்லை. பெரிய ஆராய்ச்சிச் சாலைகளில் துண்டுகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பூச்சியத்திற்குக் கீழ் 80 டிகிரியிற் காப்பர். ஒரு கிராம் ஈரலை நுண்தராசில் நிறுத்து, குளோரோபாரம் இரண்டு பங்கும் மெதனால் ஒரு பங்கும் கலந்த கலவை 20 மில்லிலிட்டரில் இட்டு நன்றாக அரைக்க. மெதனால் புரதத்தைத் திரளச் செய்து பிணைப்பை அறுக்கும். குளோரோபாரம் கொழுப்பைத் தன்பால் ஈர்க்கும். பின்னர் வடிதாளில் வடிக்க. வடிந்த தெளிவிற் கொழுப்பு மட்டுமன்றிச் சர்க்கரை, உப்பு, அமினோவமிலம் முதலியனவும் கலந்திருக்கும். அவற்றைக் கழுவிப் போக்குதற்கு, தெளிவின் அளவில் ஐந்திலொரு பங்கு, அதாவது 4 மில்லிலிட்டர், நீரோ மென்மையான உப்புநீரோ சேர்த்துக் குலுக்கி வைக்க. சற்றுநேரத்தில், அல்லது மையவிலக்குப் பொறியிலிட்டுச் சுழற்றியவுடன், திரவம் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலடுக்கு நீரும் மெதனாலும். வேண்டாப் பொருள்கள் அதிற் சென்றுவிடும். கீழடுக்கு குளோரோபாரம்; கொழுப்பு முழுதும் அங்கே தங்கும். கீழடுக்கை முன்னரே எடையறிந்த கண்ணாடிக் குப்பியில் எடுத்து, நைட்ரஜன் வாயுவை மெல்லென ஊதி உலர்த்தி நிறுத்தால், குப்பியின் எடைக்கு மேற்பட்டதே கொழுப்பின் எடையாகும்.

செய்முறை எளிதே, ஆயினும் பிழைக்கு இடங்கள் பல. பிளாஸ்டிக் குழாய்களை இங்கே பயன்படுத்தல் ஆகாது. குளோரோபாரம் பிளாஸ்டிக்கிலுள்ள சில பொருள்களைக் கரைத்துக்கொள்ளும். அவையுங் கடைசியிற் குப்பியிற் படிந்து கொழுப்பாக எடையேறும். மேலடுக்கை எடுக்கும்பொழுது இடையிலுள்ள புரதத் தோலைக் கலக்கிவிட்டால் அதுவும் எடையிற் சேரும். உலர்த்தல் முற்றுப்பெறாவிடின் கரைப்பானையே கொழுப்பென்று நிறுப்போம். மீண்டும் மீண்டும் உலர்த்தி, அடுத்தடுத்த இரண்டு நிறைகள் ஒத்துவரும்வரை நிறுத்தல் வேண்டும். இன்னொன்று: குளோரோபாரத்தின் ஆவி ஈரலுக்கே நஞ்சு. மிகுந்த அளவில் உட்சென்றால் ஈரல் உயிரணுக்களைக் கெடுத்து அங்கே கொழுப்புப் படியச் செய்யும். ஈரற் கொழுப்பை அளக்கப் புகுந்தவன் தன் ஈரலிற் கொழுப்பை ஏற்றிக்கொள்ளாதிருக்க, ஆவிபோக்கும் பெட்டிக்குள்ளேயே இவ்வேலையைச் செய்க. கழிவை நீர்த்தொட்டியிற் கொட்டற்க. இவ்வச்சத்தை நீக்கக் கருதியே ஹாராவும் ராடினும் 1978 இல் ஹெக்சேனும் ஐசோபுரோப்பனாலும் சேர்ந்த கலவையைக் கொண்டுவந்தனர். கானடா நாட்டு ஹாலிபாக்ஸ் நகரில் மீன்களை ஆராய்ந்த பிளை, டயர் என்போர் 1959 இல் வகுத்த முறையோ குறைந்த கரைப்பானைக்கொண்டு விரைவில் முடிவது. மீனின் மெலிந்த தசைக்கு அது நன்று. கொழுப்பு நூற்றுக்கு இரண்டிற்கு மேற்பட்ட திசுக்களில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்று பின்னாளிற் கண்டனர். கொழுப்பேறிய ஈரலுக்கு அதனைக் கையாளுவோர் இதனை மறத்தலாகாது.

குப்பியில் நிறுத்த எடை எதன் எடை? இவ்விடத்திற் பலர் தடுமாறுகின்றனர். உயிரணுவின் சவ்வுகள் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பினத்தால் ஆனவை. கொலஸ்டிராலும் உண்டு. இவை ஈரல் உயிர்வாழ வேண்டும் பொருள்கள், நோயின்மையிலும் உள்ளவை. நோயில் மிகுவது டிரைகிளிசரைடு என்னும் சேமிப்புக் கொழுப்பு. போல்ச் முறையில் வந்த எடை இவையெல்லாங் கூடியது. நலமான ஈரலில் அதிற் பெரும்பங்கு பாஸ்போலிப்பிடே. வீட்டின் சுவர்களையும் வீட்டுக்குள் அடுக்கிய நெல்மூட்டைகளையும் ஒருங்கே நிறுத்துவிட்டு, இத்தனை மூட்டை நெல் உளதென்று கூறுவார் உண்டோ?

மூட்டைகளைத் தனியே எண்ணுதற்கு வழிகள் உள. சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டின் அடியிற் சாரத்தின் ஒரு துளியை வைத்து, ஹெக்சேன், ஈதர், அசிட்டிக் அமிலம் கலந்த கலவையிலே தட்டை நிறுத்தினால், கலவை மேலேறுங்கால் ஒவ்வோர் இனமும் வெவ்வேறு உயரத்திற்குச் செல்லும். பாஸ்போலிப்பிடு புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். டிரைகிளிசரைடு தட்டின் மேற்பகுதிக்கு ஏறும். கொலஸ்டிரால் எஸ்டர் அதற்கும் மேலே செல்லும். கண்ணாற் காணத்தக்க இத்தகைய பிரிவினை மாணவர் மனத்தில் நன்கு பதியும். எவ்வெக் கொழுப்பமிலம் எத்துணை உளதென்று அறியவேண்டின் வாயுநிறச்சாரற் பிரிகைக்கு ஏகவேண்டும். ஜேம்ஸும் மார்ட்டினும் 1952 இல் அதனைத் தொடங்கி வைத்தபொழுது அவர்கள் பிரித்துக் காட்டிய பொருள்களே கொழுப்பமிலங்கள்தாம். அக்கருவி விலையுயர்ந்தது, எனவே அதனை விரித்துரையாது செல்கின்றோம்.

பெரும்பாலான ஆய்வுச்சாலைகளிற் கையாளப்படுவது நொதிகளைக் கொண்டு நிறத்தாற் கணிக்கும் முறையே. டிரைகிளிசரைடின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பமிலங்களும் ஒரு கிளிசராலும் சேர்ந்தது. ஆகலான் அதனைச் சிதைத்துக் கிளிசராலை எண்ணினால் டிரைகிளிசரைடை எண்ணியதாகும். லிப்பேஸ் என்னும் நொதி கொழுப்பமிலங்களை வெட்டிப் பிரிக்கும். கிளிசரால் கைனேஸ் கிளிசராலோடு பாஸ்பேட்டைச் சேர்க்கும். கிளிசரோபாஸ்பேட் ஆக்சிடேஸ் அதனை ஆக்சிகரித்து ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிறப்பிக்கும். முடிவிற் பெராக்சிடேஸ் அந்தப் பெராக்சைடைக் கொண்டு, உடனிட்ட இரண்டு நிறமற்ற பொருள்களை இணைத்துச் செந்நிறம் ஆக்கும். நிறத்தின் செறிவை ஒளிமானியில் அளந்து, அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிடுவர். நான்கு பேர் கைமாறிக் கொடுத்த கடிதம் போன்றது இது. இடையில் ஒருவர் தளர்ந்தாலும் செய்தி குறைந்துபோம். ஈரற்சாரத்திலுள்ள கொழுப்பு நீரோடு கலவாதாகலின், டிரைட்டான் போன்றதொரு சோப்பினப் பொருளை இட்டுக் கலக்காவிடின் முதல் நொதியே கொழுப்பைத் தீண்டமாட்டாது.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஈரற் துண்டை நேரே ஆல்கஹால் கலந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டுச் சூடாக்கினால் கொழுப்பு சோப்பாகி, கிளிசரால் வெளிப்படும். குளோரோபாரத்தின் தொல்லை இதில் இல்லை. உதாரணமாக, 50 மில்லிகிராம் ஈரலை இவ்வாறு சிதைத்து 1 மில்லிலிட்டராக்கி அளந்ததிற் கிளிசரால் 2 மைக்ரோமோல் இருந்ததென்று கொள்வோம். டிரைகிளிசரைடும் 2 மைக்ரோமோலே. டிரையோலீனின் மூலக்கூற்றெடை 885 ஆதலால் அது 1.77 மில்லிகிராம். கிராம் ஒன்றுக்கு 35.4 மில்லிகிராம், நூற்றுக்கு மூன்றரை. ஆயின் அத்துண்டில் முன்னமே தனித்துக் கிடந்த கிளிசரால் 0.2 மைக்ரோமோல் இருந்திருந்தால்? அதுவும் கொழுப்பென்றே எண்ணப்பட்டிருக்கும். உண்மையான அளவு 31.9 மில்லிகிராமே. எனவே, சிதைக்காத துண்டொன்றில் தனிக் கிளிசராலை அளந்து கழித்தல் வேண்டும். போல்ச் முறையிற் கழுவும்பொழுது இது நீரடுக்கோடு போய்விடுவதால் அங்கே இத்தொல்லை இல்லை. ஒரு முறையின் தொந்தரவான படியே மற்றொரு தொந்தரவைத் தீர்த்துவைத்ததைக் காண்க.

இதுகாறும் கூறியவை எவ்வளவு என்பதைக் கூறும். எங்கே என்பதைக் கூறா. அதற்கு நுண்ணோக்கி வேண்டும். திசுக்களை மெழுகிற் பதித்துச் சீவும் வழக்கமான முறையிலே ஆல்கஹாலும் சைலினும் கொழுப்பைக் கரைத்து அகற்றிவிடும். கொழுப்பிருந்த இடம் வெறுந் துளையாகவே தோன்றும். தேர்ந்த கண் அத்துளையின் வடிவைக்கொண்டே கொழுப்பை ஊகிக்கும். ஆனால் கிளைக்கோஜன் நிறைந்த உயிரணுவும் வெளிறித் தோன்றி மயக்கத்தரும். கொழுப்பை அதனிடத்திலேயே நிறுத்திக் காணவேண்டின் திசுவை உறையவைத்து, 10 மைக்ரான் அளவில் மெல்லியதாகச் சீவி, கொழுப்பிற் கரையுஞ் சாயத்தை ஊட்டவேண்டும். டாடி என்னும் இத்தாலியர் 1896 இற் சூடான் சாயத்தை இதற்குக் கையாண்டார். இக்காலத்தார் விரும்புவது ஆயில் ரெட் ஓ என்னுஞ் செஞ்சாயம். இங்கே இரசாயனச் சேர்க்கை யாதுமில்லை. 60 விழுக்காட்டு ஐசோபுரோப்பனாலில் அரைமனத்தோடு கரைந்திருக்குஞ் சாயம், அதனினும் விருப்பமான இடமாகக் கொழுப்புத் துளியைக் கண்டு அங்கே குடிபுகுகின்றது, அவ்வளவே. நீலக் கருக்களுக்கிடையே மாதுளம் முத்துக்கள் போற் சிவந்த துளிகள் தோன்றும். கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த ஈரல் உயிரணுக்களில் இச்சாயத்தை ஏற்றி, மிகுதியைக் கழுவி, தூய ஐசோபுரோப்பனாலாற் சாயத்தை மீட்டெடுத்து ஒளிமானியில் அளப்பதும் உண்டு. பாத்திரத்தின் சுவரிலும் சாயம் ஒட்டுமாதலால், உயிரணுவே இல்லாத குழியொன்றையும் உடனிட்டு அதன் அளவைக் கழிக்க.

நுண்ணோக்கியின் தீர்ப்பு ஓர் உயிரைக் காக்கவும் இழக்கவும் காரணமாகும் நேரம் ஒன்றுண்டு. இறந்தவர் உடலினின்று தானமாகப் பெற்ற ஈரலை மற்றொருவர்க்குப் பொருத்துமுன், அதிற் பெருந்துளிக் கொழுப்பு எத்துணை உளதென்று அறுவை மருத்துவர் அறிய விரும்புவர். உயிரணுக்களில் நூற்றுக்கு 30 இற்குக் குறைவானவற்றில் இருப்பின் பொதுவாக ஏற்பர். 60 இற்கு மேற்படின் பெரும்பாலும் மறுப்பர். குளிரிற் காத்த ஈரல் சில மணிநேரமே தாங்கும். ஆகவே நள்ளிரவாயினும் துண்டை உறையவைத்துச் சீவி உடனே பார்க்கின்றனர். உறையும்பொழுது உண்டாகும் பனிப்படிகங்கள் விட்டுச்செல்லுந் துளைகளைக் கொழுப்பென்று எண்ணிவிட்டால் நல்ல ஈரல் வீணாகும். அதற்காகக் காத்திருந்தவர் ஏமாறுவர். துண்டை உப்புநீரில் இட்டு அனுப்பினாலும், காற்றில் உலரவிட்டாலும் தோற்றம் மாறும். செஞ்சாயம் ஊட்டினாலோ தீங்கற்ற சிறு துளிகளுஞ் சிவந்து அளவை மிகுத்துக் காட்டும். இவற்றிற்கிடையே சில நிமிடங்களில் ஒரு முடிவு கூறவேண்டியவரின் பொறுப்பு சிறியதன்று. ஊசியாற் குத்தியெடுத்த துண்டு ஈரல் முழுதில் ஏறத்தாழ 50,000 இல் ஒரு பங்கு என்பதையும் இங்கே நினைவிற்கொள்க.

வெவ்வேறு முறையாற் பெற்ற எண்களை ஒன்றோடொன்று கலத்தலாகாது என்று வற்புறுத்த விரும்புகின்றோம். நூற்றுக்கு ஐந்து என்னும் எண்ணைக் கொழுப்பீரலின் எல்லையாகப் பலரும் எழுதுகின்றனர். நிறுத்தவர் கூறும் ஐந்து எடையில் ஐந்து. நுண்ணோக்கியாளர் 2005 இல் வகுத்த படிகளில், 5 இற்குக் கீழ் நலம், 33 வரை முதற்படி, 66 வரை இரண்டாம்படி, அதற்கு மேல் மூன்றாம்படி எனக் கூறுவது உயிரணுக்களின் எண்ணிக்கை. ஓர் உயிரணுவிற் கொழுப்புத் துளி இருக்கின்றதென்றால் அவ்வுயிரணு முழுதுங் கொழுப்பென்பது பொருளன்று. ஆதலால் மூன்றாம்படி ஈரலின் எடையில் மூன்றிலிரண்டு பங்கு கொழுப்பென்று கொள்ளுதல் தவறு. அதே 2005 இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 2,349 பேரின் ஈரலைக் காந்த ஒத்ததிர்வுக் கருவியால் அளந்தனர். அவர்களுள் நோய்க்கேதுவான குறி யாதுமில்லாத 345 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் நூற்றுக்கு 95 பேர் எந்த அளவிற்குக் கீழிருந்தனரோ அதனை எல்லையாக வைத்தனர், அது 5.56. மூன்று ஐந்துகளும் மூன்று வேறு மொழிகளிற் சொல்லப்பட்டவை.

இக்காந்தக் கருவி ஈரலைத் தீண்டாமலே அளப்பது. நீரிலுள்ள ஹைட்ரஜனும் கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனும் காந்தப் புலத்திற் சற்றே வேறுபட்ட வேகத்திற் சுழலும். அவ்வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்தெண்ணுவர். டிக்சன் என்பார் 1984 இல் இதற்கு வழிகாட்டினார். செவிக்கெட்டா ஒலியலை கொழுப்பினூடே செல்லுங்கால் விரைவில் தேய்வதைக்கொண்டு அளக்குங் கருவியும் மருத்துவசாலைகளில் வழங்குகின்றது. அது விரைவானது, மலிவானது, நுட்பத்திற் குறைந்தது. மக்களிடத்து மீண்டும் மீண்டும் அளக்க வேண்டுமிடத்து இவை பெரிதும் உதவுவன. எனினும் இவை காட்டும் எண் சரிதானா என்று ஐயம் எழும்பொழுது, திசுவை எடுத்துக் கரைத்து நிறுத்தவனிடமே திரும்பி வருகின்றனர்.

கடைசியாக, அளவை எதனால் வகுப்பது என்பது பற்றிச் சில சொற்கள். ஈர எடையால் வகுப்பதே வழக்கம். ஆனால் ஈரலில் நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் எண் மாறும். புரதத்தின் எடையால் வகுப்பாரும் உளர். பட்டினியாற் புரதம் குறைந்த ஈரலில் கொழுப்பு கூடாமலே கூடியதாகத் தோன்றும். சுண்டெலிகளை ஓரிரவு பட்டினியிட்டாலே உடற்கொழுப்பு ஈரலுக்கு இறங்கி வந்துவிடுவதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே உணவு நிலையில் ஆராய்தல் வேண்டும். ஒரு சுண்டெலியின் ஈரல் 1 கிராம், அதிற் கொழுப்பு கிராமுக்கு 40 மில்லிகிராம் என்போம். மற்றொன்றின் ஈரல் 1.6 கிராம், கிராமுக்கு 50 மில்லிகிராம். கிராமுக்கென்று பார்ப்பவர் கொழுப்பு காற்பங்கு கூடிற்றென்பர். ஈரல் முழுதையும் பார்ப்பவர் 40 மில்லிகிராம் 80 ஆயிற்று, இருமடங்காயிற்று என்பர். இருவர் கூற்றும் மெய்யே. இரண்டையும் கூறுதற்கு ஈரல் முழுதின் எடை வேண்டும். ஆதலால் துண்டு வெட்டுவதற்கு முன்னரே முழு ஈரலையும் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. வெட்டி அரைத்த பின்னர் அவ்வெண்ணை எங்கே சென்று தேடுவது?